கொல்லைப்புறக் கோழிகள்

எங்கள் தெருவில் விடியற்காலை நான்கரை மணிக்கெல்லாம் மூன்றாம் வீட்டுச் சேவல் கூவிவிடும். அதற்குப் பதில் சொல்வதுபோலக் கோடி வீட்டுச் சேவல் கூவும். பிறகு யார் போர்வைக்குள் புரண்டாலும் பயனில்லை. இருபத்திரண்டு வீடுகள் உள்ள எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் கோழி உண்டு. அந்த ஏழில் நான்கு எங்கள் நால்வருடைய வீடுகள். நாங்கள் ஒன்றாகவே பள்ளிக்கு நடந்து வருகிறோம். வழியெல்லாம் எங்கள் பேச்சு பெரும்பாலும் கோழிப் பேச்சுதான். "கருப்பி அடைக்குப் படுத்துவிட்டாளா?" "புள்ளிக்காரி இன்றும் வைக்கோற்போரில் முட்டையிட்டாளா?" என்று நாங்கள் கேட்டுக்கொள்வதைக் கேட்டு, எங்கள் வகுப்புத் தோழியர் இவர்கள் எல்லாம் யார் என்று வியந்ததுண்டு.

வீட்டில் கோழி வளர்ப்பது மிக எளிது என்று பலரும் நினைக்கின்றனர். ஒரு கூடு, ஒரு படி குருணை, ஒரு சட்டித் தண்ணீர் இருந்தால் போதும், மற்றதைக் கோழியே பார்த்துக்கொள்ளும் என்பர். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். 2022-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், பத்தே நாள்களில், எங்கள் தெருவிலிருந்த 43 கோழிகளுள் 31 இறந்துபோயின. அதன் பிறகுதான் கோழி வளர்ப்பை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினோம். கற்றதையும் பட்டதையும் இங்கே தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கோழி வந்த வழி

கோழி காட்டிலிருந்து நம் வீட்டுக்கு வந்த பறவை. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியே இதன் மூதாதை என்பது அறிஞர் கண்ட உண்மை. தாய்லாந்து நாட்டில் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகளே வீட்டுக் கோழியின் மிகப் பழைய உறுதியான சான்று என்று 2022-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அவை ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மக்கள் நெல் பயிரிடத் தொடங்கிய இடங்களில், சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழிகள் வந்து, மெல்ல மெல்ல மனிதரோடு பழகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சாம்பல் காட்டுக்கோழி என்றொரு இனம் வாழ்கிறது. நம் வீட்டுக் கோழிகள் பலவற்றின் கால்கள் மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மரபுக்கூறு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அதைப் படித்த நாளன்று நாங்கள் நால்வரும் கொல்லைக்கு ஓடி எங்கள் கோழிகளின் கால்களைப் பார்த்தோம். கருப்பிக்கு மட்டும் கால் கறுப்பு. மற்றவை எல்லாம் மஞ்சள்.

ஒரு முட்டை உருவாகும் விதம்

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. முதலில் மஞ்சள்கரு தனியே முதிர்ந்து குழலில் இறங்கும். அதைச் சுற்றி வெள்ளைக்கரு படியும். பிறகு மெல்லிய சவ்வு மூடும். இவற்றுக்கெல்லாம் சில மணி நேரமே ஆகும். எஞ்சிய இருபது மணி நேரமும் ஓடு உருவாவதிலேயே கழியும். ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. அந்தச் சத்தைக் கோழி தன் தீனியிலிருந்தும், போதாவிட்டால் தன் எலும்பிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறது. ஆகவேதான் முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளோ, காயவைத்துப் பொடித்த முட்டை ஓடோ தர வேண்டும். ஓட்டை முழுதாகப் போடக் கூடாது. அந்த ருசியைக் கண்டுகொண்டால் கோழி தன் முட்டையையே கொத்தத் தொடங்கிவிடும்.

நாளுக்கு 24 மணி நேரம். முட்டைக்கோ 25 மணி நேரம். இதனால் கோழி ஒவ்வொரு நாளும் சற்றுத் தாமதித்து முட்டையிட்டு, சில நாள் கழித்து ஒரு நாள் விட்டுவிடும். "இன்றைக்கு முட்டை இல்லையே" என்று கோழியைக் கோபித்துப் பயனில்லை. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 60 முதல் 80 முட்டை வரை கிடைக்கும். பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுமே என்று கேட்கலாம். பண்ணைக் கோழி அடைக்குப் படுப்பதில்லை, குஞ்சு வளர்ப்பதுமில்லை. நாட்டுக்கோழியோ இரண்டு வேலையையும் தானே செய்கிறது.

அடை வைத்தல்

அடைக்கோழியைக் கண்டுபிடிப்பது எளிது. கூட்டை விட்டு இறங்காது. அருகே சென்றால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். அதன் வயிற்றுப்புறத்து இறகு உதிர்ந்து, உடற்சூடு நேராக முட்டையில் படும். மண் அல்லது தவிடு பரப்பிய கூடையில் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடுக்கி, இரவில் கோழியை அமர்த்த வேண்டும். எதிர்வீட்டுப் பாட்டி அந்தக் கூடையில் ஓர் இரும்புத் துண்டும், ஒரு கரித்துண்டும், இரண்டு வற்றல் மிளகாயும் வைப்பார். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடாமல் இவை காக்கும் என்பது பழைய நம்பிக்கை. "உண்மையிலேயே காக்குமா பாட்டி?" என்று கேட்டால், "எங்கம்மா வச்சா, நானும் வைக்கிறேன்" என்பார்.

கோழி தன் அலகால் முட்டைகளை நாளும் பலமுறை உருட்டிவிடும். உருட்டாவிட்டால் உள்ளே வளரும் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு இறந்துவிடும். ஏழாம் நாள் இருட்டறையில், டார்ச் விளக்கின் வாயில் முட்டையை நிறுத்திப் பார்த்தால், கருக்கொண்ட முட்டையில் சிலந்தி வலைபோலச் சிவந்த நரம்புகள் தெரியும். கூமுட்டை தெளிவாகத் தெரியும், அதை எடுத்துவிடலாம். முதன்முதலில் அந்தச் சிவப்பு நரம்புகளுக்கு நடுவே ஒரு சிறு புள்ளி துடிப்பதைக் கண்டபோது, நாங்கள் நால்வரும் சிறிது நேரம் பேசவே இல்லை.

இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும். அதற்கு முன்பே குஞ்சு முட்டைக்குள்ளிருந்து கீச்சிடும். தாயும் மெல்லக் கொக்கரித்துப் பதில் சொல்லும். குஞ்சின் அலகு நுனியில் சிறிய கூர்மையான முளை ஒன்று உண்டு. அதைக் கொண்டே ஓட்டைக் கீறி வெளியே வருகிறது. சில நாளில் அந்த முளை உதிர்ந்துவிடும். வெளியே வருமுன் எஞ்சிய மஞ்சள்கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஏறக்குறைய இரண்டு நாள் வரை தீனியின்றி இருக்க வல்லது. முதலில் பொரித்த குஞ்சு, கடைசிக் குஞ்சு வரும்வரை தாயின் சிறகுக்குள் பொறுத்திருப்பது இதனால்தான். "ஐயோ, பசிக்குமே" என்று நாம் அவசரப்பட்டுக் குஞ்சை வெளியே எடுக்கக் கூடாது. முட்டையை உடைத்து உதவவும் கூடாது.

எங்கள் தெருவில் அடை வைப்பது ஒரு வீட்டு வேலை அன்று. ஒரு வீட்டில் அடைக்கோழி இருக்கும், முட்டை இராது. மற்றொரு வீட்டில் முட்டை இருக்கும், அடைக்கோழி இராது. சேவல் இல்லாத வீட்டாருக்குக் கருக்கொண்ட முட்டை கிடைக்காது. எனவே ஒரு வீட்டு முட்டை மற்றொரு வீட்டுக் கோழியின் கீழ்ப் பொரிக்கும். குஞ்சுகளைப் பாதிப் பாதி பங்கிட்டுக்கொள்வோம். ஒரே கூடை ஏழு வீட்டுக்கும் போய்வரும். பஞ்சாரம் உடைந்தால் அடுத்த வீட்டுப் பஞ்சாரம் வரும். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் எங்களை ஒரு குடும்பம் போல ஆக்கியிருந்தது.

தீனியும் காவலும்

காலையில் நொறுக்கிய கம்பும் குருணையும், மாலையில் தவிட்டைப் பிசைந்த சோறும், நாள் முழுவதும் தூய தண்ணீரும் தருகிறோம். குஞ்சுகளுக்குக் கறையான் மிக நல்ல தீனி. பழைய பானையில் ஈரச் சாணமும் கிழிந்த சாக்கும் ஓலைத் துண்டும் திணித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் விடியலில் பானை நிறையக் கறையான் இருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும்.

கூட்டின் தரை ஈரமாக இருக்கக் கூடாது. ஈரத் தரையில் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். கொசுக் கடியால் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் தோன்றும் அம்மை நோய் பரவும்.

பகைவரும் பலர். மேலே பருந்து, காகம். கீழே கீரி, பூனை, பாம்பு. சேவலைக் கூர்ந்து கவனித்தால் ஒன்று தெரியவரும். பருந்தைக் கண்டால் ஒருவிதமாகவும், தரையில் வரும் பகையைக் கண்டால் வேறுவிதமாகவும் அது குரல் கொடுக்கும். முதற்குரலுக்குக் குஞ்சுகள் புதரில் பதுங்கும். மற்றதற்கு எல்லாக் கோழிகளும் தலை நிமிர்ந்து கூச்சலிடும்.

எங்களில் ஒரு வீட்டில் நாயும், மற்றொரு வீட்டில் பூனையும் உண்டு. நாயைக் குட்டிப் பருவத்திலேயே கோழிகளின் நடுவே கட்டிப் பழக்கியதால், இன்று அது கீரியைத் துரத்துகிறதே ஒழியக் கோழியைத் தொடுவதில்லை. பூனையை அவ்வளவு நம்ப முடியவில்லை. தாய்க்கோழி ஒருமுறை அதன் மூக்கில் கொத்தியதிலிருந்து அது மதில்மேலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் போட வேண்டும்.

யார் முதலில் உண்பது?

தீனி போட்டதும் எல்லாக் கோழிகளும் ஒன்றாக ஓடிவந்தாலும், ஒன்றாக உண்பதில்லை. எங்கள் கொல்லையில் செவலைதான் முதலில் கொத்துவாள். அவள் கருப்பியைக் கொத்தி விரட்டுவாள். கருப்பி புள்ளிக்காரியை விரட்டுவாள். புள்ளிக்காரி செவலையை எதிர்த்ததே இல்லை.

இதை முதன்முதலில் முறையாக எழுதி உலகுக்குச் சொன்னவர் நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டரப்-எபே என்பவர். சிறுவராக இருந்தபோதே கோழிகளைக் கவனித்து, எது எதைக் கொத்துகிறது என்று குறிப்பெழுதி வந்தார். பெரியவரான பின், 1920-களின் தொடக்கத்தில், அதையே தம் ஆய்வாக்கி வெளியிட்டார். விலங்குகளின் கூட்டு வாழ்வை ஆராய்வோர் இன்றளவும் அவர் கண்ட 'கொத்தும் வரிசை'யைப் படிக்கின்றனர். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இன்றி, ஒரு குறிப்பேட்டுடனும் பொறுமையுடனும் ஒரு சிறுவர் தொடங்கிய வேலை அது. அதைப் படித்த பிறகு நாங்களும் ஆளுக்கொரு குறிப்பேடு வைத்துக்கொண்டோம். அந்தக் குறிப்பேடுகள் பின்னர் எங்களுக்கு எவ்வளவு உதவின என்பதை இனிச் சொல்கிறோம்.

அந்தச் சித்திரை மாதம்

2022-ஆம் ஆண்டு சித்திரையில், எங்களுள் ஒருத்தியின் வீட்டுக்கு உறவினர் வருவதாக இருந்தது. அதற்காகச் சந்தையிலிருந்து இரண்டு கோழிகள் வாங்கிவந்தார்கள். அவற்றுள் ஒன்று நல்ல செம்பொன் நிறம். அதை அறுக்க வேண்டாம் என்று அவள் அழுது, வளர்க்க அனுமதி பெற்றாள். அன்று மாலையே நாங்கள் எல்லாரும் போய் அதைத் தடவிப் பார்த்தோம்.

மூன்றாம் நாள் அந்தக் கோழி இறகைத் தொங்கவிட்டு நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. "வெயில் கொடுமை" என்றார்கள். ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. சந்தைக் கோழியால் வந்த வினை என்று தெருவார் குறை சொல்வார்களே என்று அஞ்சி, வீட்டார் யாரிடமும் சொல்லாமல் புதைத்துவிட்டார்கள். அவளும் எங்களிடம் சொல்லவில்லை. அன்று மாலையே அந்த வீட்டிலிருந்து பன்னிரண்டு முட்டைகள், வழக்கமான அதே கூடையில், அடை வைப்பதற்காகக் கோடி வீட்டுக்குச் சென்றன.

இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டில் இன்னும் மூன்று இறந்தன. பிறகு கோடி வீட்டில், பிறகு எதிர்வீட்டில். முட்டையும் கூடையும் பஞ்சாரமும் போய்வந்த வழியெல்லாம் நோயும் போயிற்று. சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொண்டு தலை முதுகின்மேல் மடங்கிற்று. பாட்டியின் ஆறு வயது வெள்ளைக்கோழி, அவர் மடியிலேயே உயிர்விட்டது.

கால்நடை மருந்தகத்து மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "முதல் கோழி என்றைக்கு இறந்தது?" என்று கேட்டார். ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு நாள் சொன்னார்கள். எங்கள் குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தோம். அப்போதுதான் எங்கள் தோழி அழுதுகொண்டே அந்தச் செம்பொன் கோழியைப் பற்றிச் சொன்னாள். "அன்றைக்கே சொல்லியிருந்தால் மற்ற வீடுகளின் கோழிகளை அடைத்துவைத்திருக்கலாம், பாதியாவது பிழைத்திருக்கும்" என்றார் மருத்துவர். அவர் கடிந்து பேசவில்லை.

அன்று மாலை அவளும் அவள் அம்மாவும் மற்ற ஆறு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னார்கள். சில வீடுகளில் பேசாமல் இருந்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். பாட்டி மட்டும், "சொல்லியிருந்தா கூட்டுல அடச்சிருப்பேனே, தாயி" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

அந்தத் தோழி யார் என்று இங்கே நாங்கள் எழுதவில்லை. அந்தக் கோழியைத் தடவிப் பார்த்துவிட்டு, கைகூடக் கழுவாமல் அவரவர் வீட்டுக்குப் போய்க் குஞ்சுகளைத் தூக்கியவர்கள் நாங்கள் நால்வருமே.

நோயின் இயல்பு

நம் ஊரில் இதைக் கோழிக்கழிச்சல் என்றும் வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்வர். இராணிக்கேத் நோய் என்பதும் இதுவே. 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்து நாட்டின் நியூகாசில் நகரிலும் இது தனி நோயாக அறியப்பட்டது. சில ஆண்டுக்குள் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரிலும் கண்டதால் நம் நாட்டில் அப்பெயர் நிலைத்தது. இது நுண்ணுயிரி வகையைச் சேர்ந்த வைரஸால் வருவது. நோயுற்ற கோழியின் எச்சில், மூச்சு, எச்சம் ஆகியவற்றில் வைரஸ் உண்டு. செருப்பிலும், கூடையிலும், சாக்கிலும், நம் கையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த கொல்லைக்குப் போகும். வேலியும் மதிலும் இதற்குத் தடை அல்ல. கோடையிலும் பருவம் மாறும் காலங்களிலும் மிகுதியாகப் பரவும்.

வந்தபின் இதற்கு மருந்து இல்லை. வருமுன் தடுக்கத்தான் வழி உண்டு. குஞ்சு பொரித்து ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. நான்காம் வாரத்தில் மீண்டும் ஒரு முறை. எட்டாம் வாரத்தில் இறக்கையின் அடியில் தோலுக்குள் ஓர் ஊசி. பெரிய கோழிகளுக்கு மருத்துவர் கூறும் இடைவெளியில் மறுபடியும் போட வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார், ஊசியின்றித் தீனி போலவே கொடுக்கத்தக்க குருணை மருந்தையும் உருவாக்கியுள்ளனர். கொல்லைப்புறக் கோழிகளுக்கு அது வசதியானது.

ஒரு குப்பி, நூறு கோழி

இவ்வளவு எளிய வழி இருக்கும்போது ஏன் முன்பே செய்யவில்லை என்று கேட்பீர்கள். காரணம் இதுதான். சொட்டு மருந்து சிறு குப்பியில் உலர்ந்த பொடியாக வருகிறது. சிறிய குப்பியிலேயே நூறு கோழிக்கான மருந்து இருக்கும். அதைக் கரைப்பானில் கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மீந்ததை எடுத்துவைக்க முடியாது. கடையிலிருந்து வீடு வரும்வரை பனிக்கட்டியிலேயே இருக்க வேண்டும். வெயில் படக் கூடாது. ஆறு கோழி வைத்திருக்கும் வீட்டார், நூறு கோழி மருந்தை வாங்கித் தொண்ணூற்று நான்கைக் கொட்ட மனம் கொள்வார்களா? எல்லா வீட்டாரும் அப்படியே நினைத்ததால் எந்த வீட்டிலும் மருந்து போடவில்லை.

ஆனால் ஏழு வீடு சேர்ந்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஆவணி மாதம் வரை கூடுகளைக் காலியாக வைத்து, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயவைத்தோம். பிழைத்த பன்னிரண்டு கோழிகளுள் நான்கு அடைக்குப் படுத்தன. நான்கையும் ஒரே நாள் இரவில் அமர்த்த வேண்டும் என்று முடிவு செய்தோம். குஞ்சுகள் எல்லாம் ஒரே வயதாக இருந்தால்தான் ஒரே குப்பி போதும். கோழிக்குப் பதினொன்று வீதம் 44 முட்டைகள் வைத்தோம். ஏழாம் நாள் விளக்கில் பார்த்து நான்கை எடுத்தோம். மூன்று பொரிக்கவில்லை. 37 குஞ்சுகள் கிடைத்தன.

ஏழாம் நாள் மாலை, வெயில் தணிந்தபின், சூடுதாங்கும் குடுவையில் பனிக்கட்டி இட்டுக் குப்பியைக் கொண்டுவந்தோம். கதவைச் சாத்தியிருந்த வீட்டாரும் தங்கள் குஞ்சுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி குஞ்சைப் பிடிக்க, ஒருத்தி சொட்டுவிட, ஒருத்தி எண்ண, ஒருத்தி எழுத, முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. எழுதியவள் அந்தத் தோழிதான். குப்பியில் மருந்து மீந்திருந்தது. அடுத்த தெருவுக்கு ஆளனுப்பினோம். அங்கிருந்த 26 குஞ்சுகளும் வந்தன.

நான்காம் வாரத்து மருந்தையும் அப்படியே கொடுத்தோம். எட்டாம் வாரம் மருந்தகத்துக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டோம். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறையினர் நடத்தும் இலவச முகாமுக்கும் அழைத்துச் சென்றோம். 2023-ஆம் ஆண்டு கோடையில் ஊரின் மறுபுறத்தில் நோய் வந்தது. எங்கள் தெருவில் ஒன்றுகூட இறக்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு இறந்தன. இரண்டும் முகாம் நாளன்று முருங்கை மரத்தின் மேலேறி இறங்கிவராத இளங்கோழிகள். எங்கள் குறிப்பேட்டில் அவற்றின் பெயருக்கு எதிரே 'மரத்தில் இருந்தது' என்று எழுதியிருக்கிறது.

மறக்கக் கூடாதவை

கோழி வளர்க்கும் தோழியரும் பெற்றோரும் இவற்றை நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

வெளியிலிருந்து வாங்கிவரும் கோழியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும். தீனி முதலில் வீட்டுக் கோழிக்கு, பிறகு புதுக் கோழிக்கு. அந்த வரிசை மாறக் கூடாது.

கோழியைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இந்நோய் மனிதர் கண்ணிலும் சிவப்பையும் உறுத்தலையும் உண்டாக்கக்கூடும்.

தடுப்பு மருந்து நலமான கோழிக்கு மட்டுமே உரியது. நோயுற்றதற்குப் போடக் கூடாது. ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு மருந்து கொடுத்துவிடுவது நல்லது.

இறந்த கோழியை வாய்க்காலிலோ குப்பையிலோ எறியாமல், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். பல கோழிகள் திடீரென்று ஒருசேர இறந்தால் அவற்றைத் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சலும் அவ்வாறு வரக்கூடும். நம் நாட்டில் அது முதன்முதலில் 2006-ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அது மனிதருக்கும் தொற்றக்கூடியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கோழி வாடி நின்றால் அன்றைக்கே அடுத்த வீட்டாருக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு வெட்கமாக இருக்கும், எங்களுக்கும் இருந்தது. ஆனால் சொல்வதற்கு அரை நாழிகைதான் ஆகும். சொல்லாத இரண்டு நாள், எங்கள் தெருவில் 31 கோழிகளைக் கொண்டுபோயிற்று.

இப்போது எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டிலாவது கோழி தீனி எடுக்கவில்லை என்றால், அந்த வீட்டு வாசலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அதைப் பார்த்தவுடன் மற்ற ஆறு வீட்டாரும் தங்கள் கோழிகளை அடைத்துவிடுவார்கள். அன்று கூடையும் முட்டையும் எங்கும் போகா. யாரும் யாரையும் குறை சொல்வதில்லை, "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, முடிந்த உதவியைச் செய்கிறார்கள்.

தோழியரே, உங்கள் வீட்டுக் கொல்லையிலும் இரண்டு கோழிகளுக்கு இடம் இருக்கும். வளர்த்துப் பாருங்கள். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் வேறு யார் வீட்டில் கோழி இருக்கிறது என்று முதலில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மருந்துக் குப்பி வாங்கும் நாளில் அவர்கள் வேண்டும். பஞ்சாரம் கவிழ்க்கும் நாளிலும் அவர்கள்தான் வேண்டும்.